எல்லோருக்குமான வண்டி

பஸ் என்பது முழுச் சொல் அல்ல, ஒரு சொல்லின் வால். எண்பதுகளின் தொடக்கத்தில் டவுனில் ஒரு கிளினிக்கில் சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. மேஜையில் ஒரு தடித்த ஆங்கில அகராதி கிடந்தது. கூட்டமில்லாத மத்தியானங்களில் புரட்டுவேன். ஆம்னிபஸ் என்பது லத்தீனாம். 'எல்லோருக்கும்' என்று பொருளாம். யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஓடிய குதிரை வண்டிக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு பேச்சில் தேய்ந்து வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்தப் பக்கத்தை மூட மனம் வரவில்லை. எழுமலைப் பக்கம் எங்கள் ஊர் பஸ்ஸில் வேறு சட்டம். கூலி வேலை பார்க்கும் எங்கள் தெருவினர் உட்காரலாம். ஆனால் நிலம் உள்ள ஊர்த்தெருக்காரர் ஒருவர் ஏறினால், எழுந்து பின்னால் போய்விட வேண்டும்.

ஞாயிறு லீவுக்கு வீட்டுக்குப் போய்விட்டு, திங்கள் காலை வேலைக்குத் திரும்ப, அம்மாவோடு உசிலம்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அம்மா களையெடுக்கும் வயலுக்குச் சொந்தக்கார அம்மாள் ஏறினார். அம்மா உடனே எழுந்துவிட்டாள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏத்தா, ஆளு வந்து நிக்கிறது கண்ணுக்குத் தெரியலயா?" என்றார் அந்த அம்மாள்.

"பக்கத்துல எடம் இருக்கு, உக்காருங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஒன் பக்கத்துலயா?"

அம்மா என் தோளைக் கிள்ளினாள். "எந்திரி புள்ள."

"பஸ்ஸுன்னாலே எல்லாருக்கும்னுதான் அர்த்தம்."

"எவன் சொன்னான்?" என்றார் கண்டக்டர்.

"டிக்சனரியில போட்டிருக்கு."

பஸ்ஸே சிரித்தது. "மாப்ள, கலெக்டரம்மா ஏறியிருக்காக, பாத்து ஓட்டு!" என்று பின்னாலிருந்து ஒருவர் டிரைவரிடம் கத்தினார். நான் எழவில்லை. அந்த அம்மாள் உசிலம்பட்டி வரை நின்றே வந்தார். அம்மாவும் நின்றாள். எங்கள் நடுவே ஓர் இடம் காலியாகவே வந்தது.

அந்த வாரம் அம்மாவைக் களையெடுக்கக் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு நான் போனபோது அம்மா என்னோடு பேசவே இல்லை. சோற்றுத் தட்டை மட்டும் தள்ளிவைத்தாள்.

மறுநாள் காலை எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி, மூன்று பேர் உட்காரும் சீட்டில் சன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊர்த்தெரு நிறுத்தம் வந்தது. அதே அம்மாள் ஏறினார். அம்மாவின் கால் தானாக அசைந்ததைப் பார்த்தேன். அதை அவளே தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"நெருங்கி உக்காரு புள்ள. அவுகளுக்கும் எடம் வேணும்ல."