படத்தில் ஏரி, நேரில் வயல்

செயற்கைக்கோள் எடுத்த படத்தில் எங்கெல்லாம் தண்ணீர் தெரிகிறதோ, அங்கெல்லாம் நடந்துபோய்க் கால் நனைகிறதா என்று பார்த்துவிட்டு வருவதுதான் எங்கள் வேலை. கொல்லிமலையின் ஈரநிலங்களை வரைபடமாக்கச் சென்னையிலிருந்து வந்த சாருக்கு வழி தெரிந்த ஆள் தேவைப்பட்டது. நான் பத்தாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று ஊட்டில் சும்மா இருந்தேன். போனேன். ஒருத்தர் காகிதத்தில் விரல் வைக்க, இன்னொருத்தர் வெயிலில் அலைகிற வேலையில் நீங்களும் இருந்தால், மேலே படியுங்கள். இல்லையென்றால் உங்களுக்கு இது புரியாது.

சிவப்பு மலை

ஆலத்தூர் நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) ஒரு ஊரில் ஜீப்பின் முன்பக்கத்தில் சார் படத்தை விரித்தார். ஊரே கூடிவிட்டது. மலை முழுக்க ஒரே சிவப்பு. எல்லாருக்கும் பயம். "செடி கொடி நல்லா பச்சையா இருந்தா இந்தப் படத்துல நல்லா சிவப்பாத் தெரியும். தண்ணி கறுப்பாத் தெரியும்" என்று பொறுமையாகத்தான் சொன்னார். மிளகு போட்டிருக்கிற ஒருத்தர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப எங்க மொளகு பழுத்துச் சிவந்தா இதுல பச்சையாத் தெரியுமுங்களா?"

மேற்கே ஒரு ஏரி

மேற்குச் சரிவில் பெரிதாக ஒரு கறுப்பு. ஏரி என்றார் சார். "சரிவுல தண்ணி எப்படி சார் நிக்கும்?" என்று கேட்டேன். படம் பொய் சொல்லாது என்றார். நடந்தோம். முள்ளில் என் தாவணி கிழிந்தது. போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில், காய்ந்த பாறை. சார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அது காலையில் எடுத்த படம், கறுப்பாகத் தெரிந்தது மலையின் நிழல் என்று அவரே சொன்னார். எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. ஜீப் டிரைவர் அண்ணன்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளனே வந்திருந்தா ஏரி இருந்திருக்குமுங்க சார்!"

தண்ணி நிக்குதுங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு என் வாய் வலித்தது. ஏனென்றால் யாருமே "ஆமாங்க" என்று சொல்வதில்லை. தண்ணீர் நிற்கிற இடத்தையெல்லாம் ஏரி என்று எழுதி, நிலத்தை எடுத்துக்கொண்டு, சுற்றுலாவுக்கு வாசலூர்பட்டியில் விடுகிற மாதிரி படகு விடப்போகிறார்கள் என்று மலை முழுக்கப் பேச்சு. சார் எவ்வளவு மறுத்தும் யாரும் நம்பவில்லை. கணுக்கால் முங்கத் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்த ஒருத்தரிடம், "இது என்னங்க மாமா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நிக்கலீங்க. போயிட்டிருக்குது. மெதுவாப் போவுது."

பாப்பாத்தி அக்கா வழிமறித்தது

பாப்பாத்தி அக்காவுக்குப் பள்ளத்தில் ஒரே ஒரு வயல். புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகளுக்கும் அந்த நெல்தான் சோறு. நடவுக்குத் தண்ணீர் கட்டியிருந்த நேரத்தில் படம் எடுத்திருக்கிறார்கள். சார் வரைந்துகொண்டிருந்த வரைபடத்தில் அது நீலமாக, ஏரியாக இருந்தது. அக்கா ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். "படகு விட்டா எம் புள்ளைங்க படகத் திங்குமா?"

"நேர்ல பாத்து உறுதி பண்ணாம மாத்த முடியாதும்மா" என்றார் சார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏரியில யாராச்சும் நாத்து நடுவாங்களா சார்? இத நீலமாவே அனுப்பினா நாளைலருந்து நீங்களே நடந்துக்குங்க" என்றேன். சார் இடம் குறிக்கிற ஜிபிஎஸ் கருவியை என் கையில் கொடுத்தார். வயலில் இறங்கினேன். ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. கருவிக்குச் செயற்கைக்கோளின் சிக்னல் கிடைக்கிறவரை அசையாமல் நிற்கவேண்டும். வரப்பிலிருந்து அக்கா பதறினார்: "ஏங் கண்ணு, அந்தப் பொட்டி நெல்லப் பாக்குதா, உன்னயப் பாக்குதா? நீ கொஞ்சம் தள்ளி நில்லு!"

திருத்திய படம்

நேரில் பார்த்ததை வைத்துச் சார் மாற்றிவிட்டார். புது வரைபடத்தில் நீலம் போயிருந்தது. நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா கும்பிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "என் வயலு எங்க?" என்றார். வெள்ளையாக இருந்த இடத்தைக் காட்டினேன். இது ஈரநிலத்துக்கான படம், மற்றதெல்லாம் வெள்ளைதான் என்று சொன்னேன். அக்காவின் முகம் மாறியது. கீழே அக்காவின் பங்காளி ஊட்டுக் குட்டை நீலமாக, அழகாக இருந்தது. "அவனோட பாசிக் குட்டைக்கெல்லாம் கலரு, என் வயலு இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்லியா? நாத்து நட்டது பொய்யா சாமி?"

தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். நெல் இருக்கிறது என்று சொல்ல இன்னும் யாரும் ஆள் எடுக்கவில்லை.