வாசலைப் பார்த்து உட்கார்ந்த பூனை

நான் பூனைக்காரி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்சி சிட்டியில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டில் இரண்டு பேர் எதிரெதிரே நடந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுக்கு என் கணவர் ஒரு நாள் பூனையைக் கொண்டுவந்தார். வேலை போய் ஊருக்குத் திரும்பிய நண்பர் விட்டுச்சென்றதாம். "ரெண்டு வாரம்தான், ஆள் பாத்துக் குடுத்துடலாம்" என்றார். அந்த இரண்டு வாரத்தில் பூனை எங்கள் வீட்டிலேயே கிழவனாகிவிட்டது. அதற்குத் துணை வேண்டுமென்று சாம்பல் நிறத்தில் இன்னொன்றும் வந்தது. நான் திட்டிக்கொண்டே அவை மலம் கழிக்கும் மண்ணை மாற்றினேன். அவர் கொஞ்சிக்கொண்டே தீனி வைத்தார். இரண்டும் யார் பின்னால் போயின என்று சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு மன்ஹாட்டனில் ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவார். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் நாங்கள் கணவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டோம். மகள் சின்னவளாக இருந்தபோது லிஃப்ட் சத்தம் கேட்டதும் "வாப்பா வந்தாச்சு" என்று அவளுக்குக் குரல் கொடுப்பேன். அவள் போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடுவாள். அவள் படித்து, வேலை கிடைத்து, டெக்சாஸுக்குப் போன பிறகும் என் வாய் கேட்கவில்லை. சொல்ல ஆளில்லாமல் பூனைகளிடம் சொல்ல ஆரம்பித்தேன். கிழவன் அதைக் கேட்டால் எங்கே தூங்கினாலும் எழுந்துபோய் வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் முதலில் அதற்குத்தான் தீனி வைப்பார். "கடைசில என்னப் பூனைக்கு வாப்பாவாக்கிட்டியே" என்று சிரிப்பார்.

ஒரு காலை வேலைக்குக் கிளம்பியவர் ரயிலடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து பள்ளிவாசல், பள்ளிவாசலிலிருந்து அடக்கஸ்தலம். ஜனாஸாவை, அவர் உடலை, வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. நான் முகம் பார்த்தேன், மகள் விமானம் பிடித்து வந்து பார்த்தாள். பூனைகள் பார்க்கவில்லை. அவற்றைப் பொறுத்தவரை காலையில் போனவர் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

கணவனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல், அவர் வாழ்ந்த வீட்டிலேயே இருப்பதுதான் முறை. ஆனால் அந்த வீட்டில் என்னைத் தனியாக விட்டுப்போக மகளுக்கு மனம் வரவில்லை. பள்ளிவாசலில் கேட்டதில், அவசியம் என்றால் மகள் வீட்டில் இருந்து முடிக்கலாம் என்றார்கள். டெக்சாஸில் சுகர் லேண்டில் அவள் தனியாக ஒரு வீடு வாங்கியிருந்தாள். எண்ணெய்க் கம்பெனி வேலை. சில நாள் ஆபீஸுக்குப் போக ஃப்ரீவேயில், மற்ற நாட்கள் மாடியறையில் ஹெட்செட்டோடு மீட்டிங்கில் இருப்பாள். இரண்டு பூனைகளையும் பைகளில் போட்டு விமானத்தில் எங்கள் காலடியில் வைத்துக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் கிழவன் அழுதது. நான் அழுததைவிடச் சத்தமாகவே அழுதது.

புது வீட்டில் சாம்பல் இரண்டே நாளில் சோபாவைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டது. கிழவன் கட்டிலுக்கு அடியில் போனது. தட்டை அங்கேயே தள்ளினால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பிறகு வெளியே வந்தது, ஆனால் வாசல் கதவு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டது. மாலையானால் அங்கிருந்தே ஒரு ஓலம். "வாயை மூடு சனியனே" என்று கத்துவேன். கத்திவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுவேன்.

சாப்பிடாமலே கிடந்தால் ஈரல் கெட்டு ஒரேயடியாகப் போய்விடும் என்று பூனை டாக்டர் சொல்லிவிட்டாள். பின்தோட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள், புது மண்ணின் வாசம் பிடித்தால் மனம் மாறும் என்றாள். அடக்கம் முடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், இன்ஷூரன்ஸ், வீடு காலி செய்வது என்று எல்லாவற்றையும் முடித்த என் மகள், டாக்டரிடமிருந்து கிழவனோடு காரில் திரும்பும்போதாவது அழுதாள் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் காரிலேயே இல்லை. இத்தாவில் வீட்டில் இருந்தேன். அவள் வந்து ஹார்னஸை மேஜைமேல் வைத்தாள். மார்பைச் சுற்றிக் கட்டும் வார், அதில் ஒரு கயிறு.

"உம்மா, இவன எப்படியாவது காப்பாத்தியாகணும். இட்ஸ் வாப்பாஸ் பூனை."

எனக்கு மட்டும் தெரியாதா? அவர் மடியில் கிடந்த உயிர் அது. அதுவும் என் கையில் போய்விட்டால் மறுமையில் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் நானும் பயந்துகொண்டிருந்தேன்.

பின்தோட்டத்துக்கு நான் போகலாமா என்று ஊரிலிருக்கும் ராத்தாவுக்குப் போன் போட்டேன். என் கூடப்பிறந்த மூத்தவள், அவள்தான் எங்கள் குடும்பத்துக்கு மார்க்கச் சட்டம் சொல்லும் முஃப்தி. "கொல்லப்பக்கம் வூட்டோட சேத்திதானே புள்ள. வேலி ஒசரமா இருக்கா? ஆம்புளைங்க கண்ணுல படாம இருந்துக்க. வேலி தாண்டி மட்டும் கால வச்சுடாத" என்றாள். வேலி என் தலைக்கு மேல் உயரமாகத்தான் இருந்தது.

டாக்டர் சொன்ன முறை எனக்கு ஒப்பவில்லை, ஆனாலும் செய்தேன். முதலில் வீட்டுக்குள்ளேயே வாரைக் கட்டிப் பழக்க வேண்டும். கட்டியதும் கிழவன் எலும்பே இல்லாததுபோல் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. பிறகு பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு போகக் கூடாது, தானாகப் படி இறங்க வேண்டும், பயந்தால் ஓடி உள்ளே வரக் கதவு திறந்தே இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் பசியோடு இருக்கும்போதுதான் வெளியே விட வேண்டும். திரும்பி வர ஒரு சத்தம் பழக்க வேண்டும். காய்ந்த மீன் துண்டுகள் போட்ட டப்பாவைக் குலுக்கினேன். சாம்பல் குலுக்கும் முன்பே வந்து நிற்கும். கிழவன் படியில் உட்கார்ந்து என்னையும் தோட்டத்தையும் மாறிமாறிப் பார்க்கும், யாரோ சொல்லி அனுப்பியதுபோல.

அஸர் தொழுதுவிட்டு, வெயில் கொஞ்சம் இறங்கியதும், வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நானும் அந்தப் படியில் உட்காருவேன். எனக்கும் அதுதான் வெளியுலகம். புல்லில் கொடுக்கெறும்பு. வேலிமேல் பச்சை ஓணான் ஒன்று தொண்டையைச் சிவப்பாக ஊதிக் காட்டும். ஒரு நாள் கிழவன் முன்கால் இரண்டையும் புல்லில் வைத்தது. அப்புறம் ஒரு நாள் ஓணானை நோக்கிப் பதுங்கியது. அன்றைக்கு உள்ளே வந்து தட்டைக் காலி செய்தது. நான் மாடிப்படியிலிருந்து கத்தி மகளைக் கூப்பிட்டுக் காலித்தட்டைக் காட்டினேன். அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒரு மாலை பக்கத்து வீட்டில் புல் வெட்ட ஆட்கள் வந்திருந்தது எனக்குத் தெரியாது. இலை ஊதும் மிஷினைத் திடீரென்று போட்டார்கள். கிழவன் துள்ளி, பின்பக்கமாகவே நெளிந்து நெளிந்து வாரிலிருந்து உருவிக்கொண்டது. நான் எழுவதற்குள் வேலிக்கு அடியில் மண் கரைந்த இடுக்கு வழியாக அந்தப் பக்கம் போய்விட்டது. என் கையில் கயிறும் வெறும் வாரும் இருந்தன.

இடுக்கில் குனிந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு ஏசிப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு கண்கள். நடுவில் மிஷினோடு இரண்டு ஆண்கள். அதற்கப்பால் தெரு, தெருவில் கார்கள். உயிர் போகிற அவசரத்தில் வெளியே போகலாம், எனக்கும் தெரியும். ஆனால் துப்பட்டியோடு அங்கே நின்ற என் கால் நகரவில்லை. டப்பாவைக் குலுக்கினேன். மிஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மிஷினை நிறுத்திய நொடியில் மறுபடி குலுக்கினேன். வரவில்லை. "வாடா, வா கண்ணு" என்றேன். என் வாயில் அந்தக் கொஞ்சலை அது ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கிருந்து வரும்? ஒரு ஆள் அந்தப் பெட்டியை நோக்கி நடந்தான்.

என்னையறியாமல்தான் வந்தது. தொண்டை கிழியக் கத்தினேன்.

"வாப்பா வந்தாச்சு!"

கிழவன் ஏசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பாய்ந்தது. இடுக்கில் நுழைந்து, என் காலை உரசிக்கொண்டு, என்னை ஏறிட்டும் பாராமல், திறந்திருந்த பின்கதவு வழியாக உள்ளே ஓடியது. பிழைத்தது. பின்கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனபோதுதான் மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது.

கூடத்தில் கிழவன் வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் ஹெட்செட்டோடு, மூச்சிரைக்க, என் மகள் நின்றுகொண்டிருந்தாள். கை கதவின் பிடியில் இருந்தது. ஹெட்செட்டுக்குள் யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"ஐ ஃபர்காட், உம்மா" என்றாள். "ஒரு செகண்டுக்கு… ஐ ஜஸ்ட் ஃபர்காட்."

அப்படியே தரையில் உட்கார்ந்து, அத்தனை நாள் அழாததையெல்லாம் அழுதாள். நான் அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கிழவன் எங்கள் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. கதவு திறக்கட்டும் என்று காதை நிமிர்த்தியபடி இருந்தது. கூப்பிட்டது நான், வரச்சொன்னது நான். இனி அதற்குப் பதில் சொல்ல வேண்டியதும் நான்தான் என்று பட்டது.

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து வாசல் கதவை நான் தொட்டதில்லை. துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, கிழவனைக் கையில் தூக்கிக்கொண்டு, கதவைத் திறந்தேன். மகளின் கார் நின்றது. எதிர்வீட்டுத் தபால்பெட்டி. ஈரமான நடைபாதை. வேறொன்றுமில்லை.

"பாத்துக்க" என்றேன் கிழவனிடம். "நல்லாப் பாத்துக்க. வரல."

அது கழுத்தை நீட்டி அந்தக் காற்றை முகர்ந்தது. மகளும் எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். நானும் பார்த்தேன். தெருமுனை வரைக்கும் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கிழவன் என் கையில் பாரமாகத் தளர்ந்தது. நான் கதவைச் சாத்தினேன்.