அறைக்கு நாலு பேர்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. மதுரை மாட்டுத்தாவணியில் சிவகாசி பேருந்து ஏறினோம். எனக்கு முழு டிக்கெட், ஒன்பது வயது மகள் இனியாவுக்கு அரை டிக்கெட். கைப்பையில் தண்ணீர், தொப்பி, மருந்துப் பெட்டி. ஒரு நாள் பயணத்துக்கு இரண்டு நாளுக்கான மருந்து.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் ஏழெட்டுக் குடும்பங்கள், சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் ஒரு பகல் கூடி விளையாடுவதாக ஏற்பாடு. மற்றவர்கள் கொள்கைக்காக வீட்டில் படிக்கவைக்கிறார்கள். நாங்கள் பயத்தால். போன வருடம் மழைநாள் ஒன்றில் இனியாவின் பள்ளி வேன் வாய்க்காலுக்குள் சாய்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள். இனியாவுக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். அன்றோடு வேனும் நின்றது, பள்ளியும் நின்றது. அதன்பிறகு அவள் என் விரலை விடுவதே இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். இப்படியே போனால் அவள் யாரோடும் சேரமாட்டாள் என்பது என் மனைவியின் கவலை. மருத்துவமனையில் அவளுக்கு அன்று பகல் டூட்டி. "அங்க போயாவது அவளக் கொஞ்சம் விடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

அவசர வழிக்குப் பக்கத்து இருக்கையில் நான் உட்கார்ந்ததைக் கண்டக்டர் பார்த்தார்.

"அங்கன வெயிலடிக்கும் சார். அந்தப் பக்கம் காலியாத்தான இருக்கு?"

"பரவாயில்லங்க. வழி பக்கத்துல இருக்கட்டும்."

"ஏம் பாப்பா, அப்பா மிலிட்டரியா?"

"இல்ல, பயம்" என்றாள் இனியா.

எட்டு மணிக்கு முன்பே விருதுநகர். தேநீர் குடிக்கக்கூட இறங்கவில்லை. அங்கிருந்து சிவகாசிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலமும் கரிசலும். திருத்தங்கலில் அச்சகம் ஒன்றின் வாசலில் காலண்டர் அட்டைகளை லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னும் பிறக்காத வருடம் டெம்போவில் ஏறுவதை இனியா எக்கிப் பார்த்தாள். நான் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

சிவகாசியிலிருந்து நாரணாபுரத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய்.

"விசேசத்துக்கு வந்தீகளாண்ணே?" என்றார் ஓட்டுநர்.

"இல்லங்க. பிள்ளைகளெல்லாம் சேர்ந்து விளையாட."

"வெளையாடவா இம்புட்டுத் தூரம்? எங்க வீட்டுல ரெண்டு கெடக்கு. பள்ளிக்கூடம் போன்னாலும் போகாது. திரும்புறப்ப அள்ளிப் போட்டுக்கிட்டுப் போங்க."

ஒன்பதரை மணிக்கு முத்துச்செல்வியின் வீடு. இரண்டு பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறவர் அவர். கணவர் பாண்டியராஜ் பட்டாசு ஆலை ஒன்றில் போர்மேன். "வாங்கண்ணே, சாப்பிட்டீகளா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இட்லி வைத்தார். ஆலைக்குள் பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. வீட்டை ஒட்டிய தரிசில்தான் விளையாட்டு. இன்று வெடி எதுவும் உண்டா என்று மூன்றாம் முறையாகக் கேட்டபோது முத்துச்செல்வி சிரித்துவிட்டார்.

"தீக்குச்சிகூட அடுப்படிய விட்டு வெளிய வராதுண்ணே. நீங்க பயப்படாம சட்னி ஊத்திக்கிடுங்க."

பத்தரை மணிக்கு விளையாட்டு. சுண்ணாம்புத்தூளால் தரையில் பத்துக் கட்டங்கள் போட்டிருந்தார்கள். முத்துச்செல்வியின் பிள்ளைகளே கண்டுபிடித்த விளையாட்டு இது. ஒவ்வொரு கட்டமும் ஓர் அறை. விசில் ஊதினால் எல்லோரும் வேறு அறைக்கு ஓடவேண்டும். அறைக்கு நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் வந்துவிட்டால் யாராவது ஒருவர் வெளியேறவேண்டும். இல்லாவிட்டால் அந்த அறை மொத்தமும் ஆட்டத்திலிருந்து போய்விடும். பெற்றோர்களும் ஆடவேண்டும்.

எனக்கு அது வசதியாகிவிட்டது. விசில் ஊதும்போதெல்லாம் இனியா ஓடிய அறைக்கே நானும் ஓடினேன். இரண்டு முறை இடம் கிடைத்தது. மூன்றாம் முறை அவள் நுழைந்த கட்டத்தில் முன்பே மூன்று சிறுமிகள். நான் ஐந்தாவது ஆள். யாராவது ஒரு சிறுமி போவாள் என்று நின்றேன். மூவரும் இனியாவைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க வெளிய போங்க. எல்லாரும் அவுட் ஆயிருவோம்."

"நீ?"

"எனக்கு இடம் இருக்கே!"

அப்போதுதான் கவனித்தேன். விரலைப் பிடித்திருந்தது நான்.

கோட்டுக்கு வெளியே வந்து, விசிலோடு நின்ற பாண்டியராஜிடம், "ஏங்க, கணக்கு ஏன் நாலு?" என்றேன்.

"ஆலைலயும் அதான்ணே கணக்கு. ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல இருக்கப்படாது. ஏதாவது ஆனாலும் நாலோட போகட்டும்னு வச்சது."

சொல்லிவிட்டு விசிலைச் சட்டையில் துடைத்தார். நாளைக் காலையில் அந்த அறைகளுக்குத்தான் அவர் போகவேண்டும். நான் இனியாவின் கட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் விசிலை மறுபடி ஊதினார். கரிசல் புழுதி கிளம்ப அத்தனை பேரும் கூச்சலிட்டு ஓடினார்கள். இனியா எந்தப் பக்கம் போனாள் என்றே தெரியவில்லை.

"அண்ணே, இங்கன ஒரு ஆளுக்கு எடமிருக்கு! ஓடியாங்க!" என்று முத்துச்செல்வி கத்தினார். ஒரு செருப்பைப் பறிகொடுத்து, கடைசி அடியில் சறுக்கி உள்ளே விழுந்தேன்.

"ஏலே, இவரு ஒருத்தரே ரெண்டு ஆளு வருவாருலே!" என்றான் அந்த அறையிலிருந்த பையன். எங்கேயோ இனியா சிரிக்கும் சத்தம் கேட்டது. வெகுநாள் கழித்து நானும் சத்தமாகச் சிரித்தேன். மதியச் சாப்பாடு வரை ஆடினோம்.

மாலை ஐந்து மணி. மதுரைக் குடும்பம் ஒன்று தங்கள் வேனில் வரச்சொன்னது. பேருந்திலேயே போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இனியா ஏறிக் கடைசி வரிசையில் அந்தச் சிறுமிகளோடு நெருக்கி உட்கார்ந்திருந்தாள். நாலு பேர். என்னைப் பார்த்து முன்னிருக்கையைக் கைகாட்டினாள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறினேன். விருதுநகரில் நிறுத்தி எல்லோரும் எண்ணெய் பரோட்டா சாப்பிட்டோம். அங்கிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஓட்டுநர் சொன்னார்:

"சார், கதவுப் பிடிய விடுங்க. அது பூட்டித்தான் இருக்கு."

விட்டேன். வேறெங்கே வைப்பது என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பாடவேளை முழுக்க அவள் மேசைக்குப் பக்கத்தில் என் நாற்காலி கிடக்கும். திங்கட்கிழமை காலையில் போனபோது, மேசையைச் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு கட்டம் போட்டிருந்தாள். நாற்காலி கோட்டுக்கு வெளியே இருந்தது.

"இதுல எத்தன பேருக்கு இடம்?" என்று கேட்டேன்.

"இன்னும் முடிவு பண்ணல" என்றாள்.