ஸ்ரீராமஜெயம் நோட்டின் பின்பக்கம்

எழுதினால் மனசு ஒருநிலைப்படும் என்று சொல்கிறவர்கள் யாரும் தாராவியில் ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் எழுதுகிறவள். காலையில் தண்ணீர் பிடித்து முடித்ததும் சாமி படத்துக்கு முன்னால் பலகையைப் போட்டு நூற்றியெட்டு தடவை ஸ்ரீராமஜெயம். பத்தாவது வரியிலேயே கை ராமனை எழுதும், மனசு குக்கரை எண்ணும். மருமகள் அரிசிக்கு எத்தனை விசில் விடுகிறாள் என்று. ஐந்து. அரிசிக்கு ஐந்து விசில்! அது சோறா, கூழா? எதுவரை எழுதினேன் என்பது மறந்துபோகும். திரும்ப முதலிலிருந்து.

மகனும் மருமகளும் நவி மும்பைப் பக்கம் நெருளில் வாடகைக்கு வீடு பார்க்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து இன்னும் மோசம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. மகன் போனில் எவனிடமோ இந்தியில் பேசிக்கொண்டிருந்ததில் காதில் விழுந்தது. அன்றைக்கே வேண்டிக்கொண்டேன். அவர்கள் போகாமல் இருக்கட்டும், ஒரு நோட்டு முழுக்க எழுதி ஆஞ்சநேயருக்கு மாலையாகப் போடுகிறேன் என்று. எங்கள் சந்துக் கோயிலில் அது வழக்கம். எழுதின தாள்களைக் கிழித்து, சுருட்டி, நூலில் கோர்த்து, சனிக்கிழமை சாயங்காலம் சாத்துவார்கள்.

வேண்டிக்கொண்டது சுலபம். சாயங்காலமும் உட்கார்ந்து பார்த்தேன், எழுதத்தான் முடியவில்லை. மாதுங்காவில் நான் சமையல் வேலைக்குப் போகிற வீட்டு மாமியிடம் ஒருநாள் அழாத குறையாகச் சொன்னேன்.

"வர்ற நினைப்பை ஏன் விரட்டறேள்? நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதிப் போட்டுட்டு முன்பக்கம் வந்துடுங்கோ" என்றார் மாமி.

செய்தேன். பொய் சொல்லக் கூடாது, பலித்தது. ஐந்து விசில் என்று பின்பக்கத்தில் எழுதினால், முன்பக்கத்தில் முப்பது வரி தடங்கலில்லாமல் ஓடும். சாம்பாரில் சர்க்கரை போடுகிறாள் என்று எழுதினால் இன்னொரு முப்பது. தலை வாரின முடியைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் செருகுகிறாள். அவள் அம்மாவிடம் போனில் அரை மணி நேரம், என்னிடம் "ஹா அத்தே", "டீக் ஹை அத்தே", அதோடு சரி. எல்லாம் எழுதினேன். நோட்டைப் பூட்டி வைக்கவும் இல்லை. அவள் இங்கேயே பிறந்து இங்கிலீஷில் படித்தவள், தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. நான் மாநகராட்சிப் பள்ளியில் எட்டாவது வரை படித்த தமிழுக்கு அப்படி ஒரு வசதி.

வீட்டுக்காரர்தான் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏட்டி, பின்பக்கந்தான் வேகமா ஓடுது. ராமரு எதிர்ல வந்து முட்டிக்கிடப் போறாரு."

முட்டிக்கொண்டது. நோட்டு தீர்ந்தது. சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, பின்பக்கத் தாள்களை மட்டும் கிழித்துவிட்டு மீதியைக் கோயிலில் கொடுக்கலாம் என்று இருந்தேன். வந்து பார்த்தால் பலகைமேல் நோட்டைக் காணோம்.

"மருமவ எடுத்துட்டுப் போனா. அத்தைக்குக் கால் வலி, நானே குடுத்துட்டு வாரேன்னா" என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க தடுக்கலையா?"

"சாமி காரியத்த எதுக்குடி தடுக்கணும்?"

ஓடினேன். அந்தக் கோயிலில் மாலை கட்டுகிற பொம்பளைகள் ஐந்தாறு பேர், அத்தனை பேருக்கும் தமிழ் தெரியும். அதில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, வடை சுற்றி வந்த பேப்பரைக்கூட வாசித்து முடித்த பிறகுதான் குப்பையில் போடுவாள். அவள் கண்ணில் ஒரு தாள் பட்டால் போதும், மருமகள் காதுக்கு வர ஒரு மணி நேரம் ஆகாது. அதற்குப் பிறகு நெருள் என்ன, அவள் பூனாவுக்கே போய்விடுவாள்.

போனபோது என் நோட்டின் அட்டை மட்டும் கிடந்தது. தாளெல்லாம் சுருளாகி நூலில் தொங்கியது.

"என்ன மதினி, நாய் எதுவும் வெரட்டுச்சா? இப்பிடி மூச்சு வாங்குது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவள் சிரிப்பு வழக்கமான சிரிப்பா, வாசித்த சிரிப்பா என்று தெரியவில்லை. ஒரு சுருளைப் பிரிக்கக் கை போனது.

"ஏ மதினி! சாமிக்குக் கோத்ததப் பிரிக்கவா செய்வாவ?"

கையை இழுத்துக்கொண்டேன். மாலை ஏறிற்று. மணி அடித்தது. ஆஞ்சநேயா, நீ வாசிச்சா பரவாயில்ல, இவ வாசிக்காம பாத்துக்கோ என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அவ்வளவு எழுதி கடைசியில் நான் கேட்ட வரம் அது.

வீட்டில் மருமகள் ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்து நீட்டினாள். அவளுடைய ஹேர் கிளிப் மாட்டியிருந்தது.

"அத்தே, இத குடுக்கல. இதுல ராம் நஹி ஹை."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ரோஜ் காலைல பாக்கேன்ல நீங்க எழுதுறத. ஒரே டிசைன். இந்தப் பக்கத்துல எல்லாம் அந்த டிசைன் வரல. அதான் கிழிச்சு தனியா வெச்சேன். என்ன எழுதிருக்கீங்க?"

"வீட்டுச் சாமான் லிஸ்ட்டு."

"இத்தன பக்கமா? அரே அத்தே, சாமி நோட்டுல ஜூட் சொல்லக் கூடாது. படிங்க."

மாலை போட்டு வந்த வாயால் இன்னொரு பொய் எப்படிச் சொல்வது? வாசித்தேன். ஐந்து விசிலுக்கே சிரித்துவிட்டாள். "மாமாதான் பல்லு வலிக்கி, கொழைய வையின்னாங்க! அத்தைட்ட சொல்லாதன்னாங்க!" வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்தார். சாம்பாருக்கு, "நீங்க போடுற புளிக்கு சர்க்கரையே பத்தல" என்றாள். போன் விஷயம் வந்ததும் சிரிப்பு நின்றது. கடைசித் தாளின் மூலையில் பொடியாக எழுதியிருந்ததையும் வாசித்தேன். "ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகிறார்களாம். என்னிடம் கேட்கவில்லை. போக வேண்டாம்."

இத்தனை பக்கத்தில் நான் எழுத நினைத்தது அந்த மூன்று வரிதான் என்று வாசிக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.

"எப்ப கேக்க?" என்றாள். "காலைல நோட்டு. சாயங்காலம் நோட்டு. கோவம்னா நோட்டு. ரெண்டு தடவ கேக்க வந்தேன், கைய காட்டி நிறுத்திட்டீங்க."

காட்டியிருக்கிறேன். தலையைக்கூட நிமிர்த்தாமல் இடது கையைக் காட்டியிருக்கிறேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள்மேல் இல்லை என்பது இன்னும் ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். குர்லாவில் வண்டி மாறி நெருள். அடுப்படியில் வெளிச்சம் இல்லை, குழாய் ஒழுகுகிறது என்று வாய்விட்டே சொன்னேன். அவளும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. மாலை போட்டாயிற்று, இனி ஆஞ்சநேயர் பாடு.

புது நோட்டு வாங்கியிருக்கிறேன். பின்பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. முன்பக்கமும் ஓடுகிறது என்று சொல்ல முடியாது. பலகையைப் போட்டால் போதும், எதிரே வந்து உட்கார்ந்து "அத்தே, ஒரு நிமிஷம்" என்கிறாள். அவள் ஒரு நிமிஷம் எவ்வளவு நேரம் என்று இப்போது எனக்கும் தெரிகிறது. இனிமேல் கையைக் காட்ட முடியுமா? கொஞ்சம் பொறு ராமா என்று பேனாவை மூடி வைக்கிறேன்.