கயிறு கட்டிய போத்தல்

பூரணம் எதையும் எறியமாட்டாள். அளவெட்டியில் அவள் குடியிருக்கிற ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். சோடாப் போத்தல், ஐஸ்கிறீம் பெட்டி, பால்மாப் பெட்டிக்குள் வந்த கரண்டி என்று எல்லாம் குசினிக்குப் பின்னால் கழுவிக் கவிழ்த்தபடி காயும். மகள் தர்சினி கிட்டத்திலுள்ள திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். பின்னேரம் வந்து செருப்பைக் கழற்ற முன்னமே தொடங்கிவிடுவாள்.

"அம்மா, உதெல்லாம் எறியிற சாமான். எறியிறதுக்கெண்டே செய்தது."

"எறியிறதுக்கெண்டு ஆரடி மினைக்கெட்டுச் சாமான் செய்வான்?" என்பாள் பூரணம்.

அவள் விதண்டாவாதத்துக்குக் கேட்பதில்லை. உண்மையாகவே அவளுக்கு அது விளங்கவில்லை. அவள் வளர்ந்த வீட்டிலிருந்து போத்தல்தான் கடைக்குப் போகும். கடையிலிருந்து எண்ணெய் அதற்குள் வரும். சீனி கடதாசிச் சரையில் வரும். சரையைப் பிரித்தால் கடதாசி அடுப்புக்கு, நூல் பந்தில் சுற்ற. மீன் வரும் பனையோலை உமல் பிய்ந்துபோனால் அதுவும் அடுப்புக்குத்தான். குப்பை என்றால் மாட்டுச் சாணமும் சருகும். அதொன்றும் சொர்க்கமில்லை, யாரும் கண்ணைக் கசக்க வேண்டாம். எண்ணெய்க்குள் கரப்பான் விழும். மழையில் சரை நனைந்து சீனி ஒழுங்கையெல்லாம் கொட்டுப்பட்டு, வீட்டில் பூவரசங்கம்பால் அடி வாங்கிய நாட்களும் அவளுக்கு உண்டு.

ஆனால் அந்த வீட்டில் ஒரு போத்தலுக்கு மரியாதை இருந்தது. புதிதாக வந்த போத்தலை ஊறவைத்து, ஒட்டியிருக்கிற கடதாசியை உரித்து, சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேய்ப்பார்கள். கடதாசி ஒட்டியிருக்கும் வரைக்கும் அது கடைக்காரனின் போத்தல், உரித்த பிறகுதான் வீட்டுப் போத்தல். குடிக்கக்கூடாத சாமான் உள்ள போத்தலின் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, வெளிச்சுவர் ஆணியில் தொங்கவிடுவார்கள். கைக்குக் கயிறு தட்டுப்பட்டால் மண்ணெண்ணெய் என்று நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். எழுத்துத் தேவைப்படவில்லை.

சண்டைக்காலத்தில், ஒன்றும் உள்ளே வராத பொருளாதாரத் தடையின்போது இந்தப் பழக்கம் அவளுக்குள் இன்னும் இறுகிப்போனது. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தவளுக்கு வெறும் போத்தலை வீச எப்படி மனம் வரும்? தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அவள் எண்ணெய்ப் போத்தல்களைப் பழஞ்சீலையால் சுற்றி வாளிக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். பின்னால் சைக்கிளை உருட்டி வந்த புருசன் பஞ்சலிங்கம், "நகையை விட்டிட்டுப் போத்தலைக் காப்பாத்திக்கொண்டு வாறா, பாருங்கோ" என்று பக்கத்தில் வந்தவர்களுக்குச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சனக்கூட்டத்தில் சிரித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

அவருக்காகத்தான் இந்தக் கதை முழுவதும்.

இந்த வருசம் பங்குனி மாதம், வெங்காயத் தோட்டத்து வரம்பில் புல் தலைக்குமேல் போய்விட்டது என்று பஞ்சலிங்கம் புல்லைச் சாகடிக்கிற புல்லு மருந்து வாங்கி வந்து அடித்தார். அடித்தது போக அடியில் கொஞ்சம் மிஞ்சியது. அது வந்த கானோ நல்ல தடித்த வெள்ளைப் பிளாஸ்ரிக் கான், கைபிடியும் உண்டு. பூரணத்துக்கு அதைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. கிணற்றடிப் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற நல்ல ஏனம். ஒரு மிடறு சாமானுக்கு இவ்வளவு பெரிய கான் எதற்கு? மிச்ச மருந்தைப் பச்சைச் சோடாப் போத்தல் ஒன்றுக்குள் ஊற்றினாள். முறைப்படி அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டினாள். முறைப்படி வெளிச்சுவர் ஆணியில் தொங்கவிட்டாள். கானை ஊறவைத்து, கடதாசியை உரித்து, தேய்தேய் என்று தேய்த்தாள். அவளைப் பொறுத்தவரையில் எல்லாம் சரியாகவே நடந்தது.

கிட்டடியில்தான் பஞ்சலிங்கம் தன்னுடைய தண்ணீர்ப் போத்தலுக்கும் ஒரு கயிற்றைக் கட்டியிருந்தார், சைக்கிள் ஹாண்டிலில் கொழுவ. அதுவும் பச்சைச் சோடாப் போத்தல்தான். பூரணம் அதைத் தினமும் கண்டாள். கண்டும் அவளுக்குப் பொறிதட்டவில்லை.

சில நாள் கழித்து, மத்தியான வெயிலில் தோட்டத்தால் வந்தவர் ஆணியில் தொங்கிய போத்தலை எடுத்தார். தன் போத்தலை அன்றைக்கு வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார்; அதற்குள் பெண்சாதி தேசிக்காய் பிழிந்து தண்ணீர் கரைத்துத் தொங்கவிட்டிருக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார். மூக்குப்பேணியில் குடித்து வளர்ந்த மனிதர். அவர்கள் வீட்டில் ஒருவரும் ஏனத்தில் வாய் வைப்பதில்லை. அண்ணாந்து தொண்டைக்குள் நேரே ஊற்றினார். வாய் வைத்துக் குடித்திருந்தால் நாக்கு சொல்லியிருக்கும், துப்பியிருப்பார். தொண்டை சொல்லும்போது போனது போய்விட்டது.

பக்கத்து வீட்டுக் கோகுலனின் ஓட்டோவில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சேதி கேட்டுத் தர்சினியும் வந்து சேர்ந்தாள். இளம் டொக்டர் ஒருவர் பச்சைப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இது சோடாப் போத்தல். மருந்து வந்த போத்தல் எங்கை? அதிலை பேர் இருக்குமே?"

"கழுவிப் போட்டன் தம்பி."

"கடதாசி?"

"உரிச்சுப் போட்டன்."

டொக்டர் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சிலதுக்கு நஞ்சை முறிக்கிற மாத்து மருந்து இருக்கம்மா. சிலதுக்கு இல்லை. எதெண்டு தெரிஞ்சால்தான் என்ன செய்யலாமெண்டு சொல்லலாம். கெதியாப் பாருங்கோ" என்றார்.

மருந்து விற்ற வின்சன்றுக்குத் தர்சினி போன் எடுத்தாள். இரண்டு மூன்று விதம் விற்றதாகவும், அண்ணைக்கு எதைக் கொடுத்தேன் என்று நினைவில்லை என்றும் சொல்லி அந்த மனிதர் அழுதார். பூரணம் கோகுலனையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

கடதாசியை அவள் எறிந்திருக்க மாட்டாள், அது நிச்சயம். அவளிடம் கடதாசி போகிற இடம் ஒன்றே ஒன்று, அடுப்பு மூட்டும் கூடை. ஆனால் அன்றைக்குக் காலையிலும் அந்தக் கூடைக்குள் கை விட்டுத்தான் அடுப்பு மூட்டியிருந்தாள். எந்தக் கடதாசியை எடுத்தாள்? கை எடுத்தது, மனம் பார்க்கவில்லை. குசினி நிலத்தில் குந்தி அடுப்புச் சாம்பலை இரண்டு கையாலும் கிளறினாள். கருகிய விளிம்பு ஒன்று கைக்கு வந்து பொடிந்தது. "என்ரை கையாலை குடுத்தனே, என்ரை கையாலையே எரிச்சும் போட்டனே" என்று கத்தினாள். வாசலில் நின்ற கோகுலன் மூலையில் இருந்த கூடையைக் கண்டான்.

"மாமி, கூடையையும் ஒருக்கால் பாருங்கோ" என்றான்.

கூடையைத் தலைகீழாகக் கொட்டினாள். பொச்சு, காய்ந்த பனங்கொட்டை ஊமல், பிஸ்கட் பெட்டி மட்டை, பழைய கலண்டர் தாள். எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடந்தது. ஒரு மூலை கூடக் கிழியாமல், காய்ந்து சுருண்டு, எழுத்தெல்லாம் அப்படியே. அவ்வளவு பக்குவமாக உரித்திருந்தாள்.

அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஓட்டோவில் வரும்போது கோவில் விபூதியை ஏந்துவதுபோல இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்திருந்தாள். "நான் எறியேல்லைத் தம்பி. பாத்தியே, எறியேல்லை. எல்லாரும் என்னைப் பகிடி பண்ணினவை" என்று கோகுலனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். இனி ஊசி போடுவார்கள், நாலைந்து நாளில் மனிதர் எழும்பிவிடுவார், அந்தப் பச்சைப் போத்தல் எல்லாவற்றையும் தானே நசுக்கிப்போடுவேன் என்று வழியெல்லாம் நேர்ந்துகொண்டாள். அன்றைக்கு அவள் சந்தோசமாக இருந்தது அந்த ஓட்டோவுக்குள் மட்டும்தான்.

டொக்டர் கடதாசியை விரித்து வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார். பிறகு அதைப் பத்திரமாக மடித்து மேசையில் வைத்தார்.

"ஊசி போடுவியளோ தம்பி?"

"இதுக்கு மாத்து இல்லையம்மா. நோவு தெரியாமல் பாக்கலாம். நீங்கள் அவரோடை போய் இருங்கோ."

"கடதாசி இருந்தால் சரியெண்டு சொன்னியள்."

டொக்டர் மடித்த கடதாசியை அவளுடைய பக்கமாகத் தள்ளி வைத்தார். கடதாசி முதலிலேயே கிடைத்திருந்தாலும் இதே கடதாசிதான் என்பது பூரணத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

"தண்ணி குடுக்கலாமோ?" என்று கேட்டாள்.

"ஓம், விரும்பினதைக் குடுங்கோ."

பஞ்சலிங்கம் கட்டிலில் சாய்ந்திருந்தார். வாந்தி பட்டு உதடு வெந்துபோயிருந்தது, மற்றும்படி மனிதர் தெளிவாகவே இருந்தார், அதுதான் கொடுமை. தர்சினி வெளியே கடையில் தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கி வந்து கொடுத்துவிட்டு, முகத்தை மறைக்க விறாந்தைக்குப் போனாள். போத்தலை வாங்கிய பூரணத்தின் நகம் தன்பாட்டில் அதில் ஒட்டியிருந்த தாளின் விளிம்பைத் தேடிப் போனது. சுட்டதுபோலக் கையை இழுத்தாள்.

பஞ்சலிங்கம் போத்தலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பூரணம், இது தண்ணிதானே?"

கோபமாகக் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. பயத்தில் கேட்டார். இத்தனை வருசத்தில் அவள் கையால் கொடுத்த எதையும் அவர் இப்படிக் கேட்டதில்லை.

பூரணம் மூடியைத் திறந்து, போத்தலில் வாயை வைத்து, அவர் பார்த்திருக்க ஒரு மிடறு குடித்து விழுங்கினாள். பிறகுதான் நீட்டினாள். அவர் அண்ணாந்து ஊற்றவில்லை. அவள் வாய் வைத்த இடத்திலேயே தன் வெந்த உதட்டை வைத்து மெல்ல உறிஞ்சினார்.

"ஓம், தண்ணிதான்" என்றார்.