ரத்தினவேலின் ஒன்பதாவது ஷரத்து

மற்ற பத்திர எழுத்தர்கள் ஒரு கடைமனையை மூன்று பக்கத்தில் விற்று முடித்துவிடுவார்கள். ரத்தினவேலுக்கு ஏழு பக்கம் வேண்டும். மாடு கட்டக் கூடாது, பட்டாசு விற்கக் கூடாது, சாலையைப் பார்த்துத் துணி உலர்த்தக் கூடாது என்று ஷரத்துகளாக அடுக்குவார். விற்பவரும் கேட்டதில்லை, வாங்குபவரும் கேட்டதில்லை. பத்திரத்தில் பிழை வந்தால் மட்டும் அது டைப் அடிக்கும் ரஞ்சிதாவின் பிழை. ஓசூர் பதிவு அலுவலக வாசலில் முப்பது வருடம் இப்படியே ராஜாங்கம் நடந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் உத்தனப்பள்ளி கோவிந்தனிடம் சாலையோரமாக நாலு சென்ட் வாங்கினார். பத்திரத்தைத் தானே எழுதினார். தனக்கு என்று வரும்போது குறைத்தால் மரியாதை என்ன ஆவது? ஒன்பது ஷரத்து போட்டார். ஒன்பதாவது: பக்கத்து நிலம் விற்பவருடையது என்பதால், அவர் சம்மதமில்லாமல் இங்கே அடுப்பு பற்றவைத்து வியாபாரம் செய்யக் கூடாது.

இப்போது வேலையை விட்டாயிற்று. அந்த மனையில் கட்டிய கடையின் வாடகையில்தான் வீடு ஓடவேண்டும். கடையோ எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. கடைசியில் பாகலூர் பிரவீனா வந்தாள், கம்பெனி ஷிப்ட்காரர்களுக்குப் பிரியாணி போடுகிறவள். அவளுடைய வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாராம்.

"ஒன்பதாவது ஷரத்த நீக்கிட்டு வாங்க சார். வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் எதிர்க்கடைக்கு அட்வான்ஸ் குடுத்துடுவேன்" என்றாள்.

ரத்தினவேல் ஒரு கிலோ ஆப்பிளோடு கோவிந்தனின் தக்காளித் தோட்டத்துக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் கோவிந்தனுக்குக் குஷி தாங்கவில்லை.

"எனக்கு இப்பிடி ஒரு அதிகாரம் இருக்குதுன்னு சொல்லவேயில்லயே! இத்தன பக்கம் எதுக்குன்னு அன்னைக்கே கேட்டேன். உங்களுக்குப் புரியாதுன்னீங்க."

"இப்ப ஒரு கையெழுத்து போட்டுடுங்கண்ணா. என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

"ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு ஷரத்து. தப்பு யாரோடதுன்னு அதுல எழுதணும்."

இவ்வளவுதானா என்று ரத்தினவேலுக்கு உயிர் வந்தது. வியாழக்கிழமை இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். ரத்தினவேல் லைசென்ஸை ஒப்படைத்துவிட்டதால் திருத்தல் பத்திரத்தை வேறொருவர்தான் எழுதவேண்டும். கோவிந்தன் நேராக ஒரு கடைக்குள் நுழைந்தார். உள்ளே, சொந்தக் கடை போட்டு, ரஞ்சிதா உட்கார்ந்திருந்தாள்.

ரத்தினவேல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். "மேற்படி ஒன்பதாவது ஷரத்தானது தட்டச்சுப் பிழையால் சேர்ந்துவிட்டபடியால்..."

"நிறுத்துங்க" என்றார் கோவிந்தன். "பதிவு நடந்த அன்னைக்கு நான் பெஞ்சுல உக்காந்துனு இருந்தேன். ஊரு பேர நீங்க தப்பா எழுதிக் குடுத்துட்டு, இந்தப் பொண்ணத் திட்டி அழ வச்சீங்க. இப்பவும் அதே பாட்டா?"

ரஞ்சிதா விரல்களைக் கீபோர்டில் வைத்துக் காத்திருந்தாள். ரத்தினவேலுக்கு முகம் சுட்டது. அழுத அந்த முகம் அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது; அதுதான் வெட்கமாக இருந்தது. கடைக்கு வெளியே நாலு பழைய எழுத்தர்கள் வேறு, டீ குடிக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"பத்திரம் எழுதிய ரத்தினவேலின் தவறால்" என்றார் மெதுவாக.

ரஞ்சிதா நிமிர்ந்து பார்த்தாள்.

"சரியா கேக்கல சார். இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் இன்னொரு தடவை, உரக்கச் சொன்னார்.