சேர்மாதேவியில் நான் வாயைத் திறக்கவில்லை

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். எனக்கு வாய் அதிகம். ஊர் வருமுன்னே பேரைச் சொல்லிக் கத்துவேன். யாராவது இறங்கத் தாமதித்தால், "கல்யாண வீட்டுக்கா வந்திருக்கீரு, வெத்திலபாக்கு வச்சு அழைக்கணுமா?" என்பேன். பஸ்ஸே சிரிக்கும். என்னிடம் பேச்சு வாங்கினவர் சிரித்தாரா என்று நான் பார்த்ததில்லை.

ஒருநாள் யாரோ முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் இன்றைக்கும் போய்க் கேட்பேன். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். ஜங்ஷன் டீக்கடையில், மற்ற பஸ் ஆட்களெல்லாம் நிற்கும்போது ஆரம்பித்தார்.

"ஏலே, பஸ்ஸுல ஏறுததெல்லாம் ஆடு மாடுன்னு நெனச்சியா? வாயைப் பொத்திக்கிட்டு வேலையைப் பாரு. இன்னொரு பிராது வந்துச்சு, பஸ்ஸ விட்டு எறக்கி ஷெட்டுல வண்டி கழுவ விட்டுருவேன்."

எனக்குக் காது சுட்டது. டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போகலாமா என்று யோசித்தேன். காசு கொடுத்தாயிற்று. குடித்தேன். பக்கத்து பஸ் டிரைவர், "வே, இனிமே நீரு மௌனசாமிதான்" என்றான்.

சரி, பொத்தச் சொன்னார், பொத்திக் காட்டுவோம் என்று முடிவு செய்தேன். அன்று மத்தியான டிரிப்பில் டிக்கெட் கிழித்தேன், விசில் ஊதினேன், ஒரு ஊர்ப் பேரைக்கூடச் சொல்லவில்லை. நான் பேசாமல் வருவது பஸ் முழுக்க உறைக்கும் என்று நினைத்தேன். பாதிப் பேர் தூங்கினார்கள். அந்த லைனில் அதுதான் வழக்கம். மேலப்பாளையம் தாண்டியதும் கண்ணை மூடிவிடுவார்கள். ஊர் வந்தால் என் சத்தம் எழுப்பிவிடும்.

முன் சீட்டில் முதலாளியின் அக்காள் இருந்தார். முதலாளி வீட்டு ஆட்களுக்கு டிக்கெட் கிடையாது, முன் சீட்டும் அவர்களுக்குத்தான். சேர்மாதேவியில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வாரா வாரம் போவார். மடியில் தூக்குச்சட்டி. வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கம்.

சேர்மாதேவி வந்தது. டிரைவர் திரும்பி, அக்காளைக் கண்ணால் காட்டினான். நான் வானத்தைப் பார்த்தேன். பஸ்ஸுக்குள் வானம் ஏது, கூரையைப் பார்த்தேன். விசில் ஊதினேன்.

வீரவநல்லூரில் அக்காள் விழித்தார்.

"ஏலே, சேர்மாதேவி வந்துட்டா?"

"போயிட்டு."

"ஏன் சொல்லல?"

"ஒங்க தம்பிதான் வாயைப் பொத்தச் சொன்னாருக்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவன் வெவரம் தெரிஞ்ச நாளுலேருந்து எங்கிட்டயும் அதைத்தான் சொல்லுதான். நான் பொத்திக்கிட்டா இருக்கேன்?" என்றார். தூக்குச்சட்டியோடு இறங்கி, திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் வெயிலில் போய் நின்றார்.

அப்போதுதான் முதலாளி காலையில் சொன்ன மிரட்டல் எனக்கு ஞாபகம் வந்தது. சாயங்காலம் ஜங்ஷன் வந்து சேரும்வரை ஷெட்டும் வாளியும் கண்ணிலேயே நின்றன. முதலாளி அதே டீக்கடையில் இருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா வீரவநல்லூர் வரைக்கும் போயிட்டாளாம்லே. அசந்து தூங்கிட்டேன்னு போன்ல சொல்லுதா. வயசாயிட்டு, பாவம்."

அக்காள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு என்னைத் தப்பவிட்டிருந்தார். நான் செய்யவேண்டியது வாயைப் பொத்துவது மட்டும்தான். மத்தியானம் பூராவும் அந்த வேலையைத்தானே பார்த்தேன்.

ஆனால் நீங்களே சொல்லுங்கள். ஒரு மனுசன் கோபத்தில் ஒரு டிரிப் முழுக்கப் பேசாமல் வந்திருக்கிறான். அது ஒருத்தருக்கும் தெரியாமல் போனால் அந்தக் கோபத்துக்கு என்ன மரியாதை?

"அக்கா மேல தப்பில்ல அண்ணாச்சி. சேர்மாதேவில நான் வாயே தெறக்கல. நீங்க பொத்தச் சொன்னீங்க, பொத்திட்டேன்" என்றேன். டீக்கடை மொத்தமும் கேட்கும்படி, ஊர்ப் பேர் கூப்பிடுகிற அதே குரலில்.

முதலாளி டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "காலைல ஷெட்டுக்கு வந்துரு."

முதலில் கழுவக் கொடுத்ததே அம்பாசமுத்திரம் பஸ்ஸைத்தான். உள்ளே ஏறி, காலி சீட்டுகளைப் பார்த்து, "வெத்திலபாக்கு வச்சு அழைக்கணுமா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பிராதும் வரவில்லை.